பணிஸ் அண்ணை எடுத்து வைத்த ஒன்று

இலண்டன் ரெய்னர்ஸ் லேனில் பணிஸ் அண்ணை நம்பிய பொருள் என்று ஒன்றுமே கிடையாது. வானிலை அறிக்கையை நம்பமாட்டார். பஸ் வருமென்று நம்பமாட்டார். பால் போத்தலில் அடித்திருக்கும் திகதியை நம்பாமல் மூடியைத் திறந்து இரண்டு முறை மணந்து பார்ப்பார். டொக்டர்களை அறவே நம்பமாட்டார். "எப்பிடி அண்ணை சுகம்?" என்று யாராவது கேட்டால், "இண்டைக்கு இருக்கிறன்" என்பார். அந்த 'இண்டைக்கு' என்ற சொல்லை அவர் அழுத்துகிற அழுத்தத்தில் கேட்டவருக்கு நெஞ்சு அடைக்கும்.

அவருடைய உண்மையான பெயர் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்தில் ஒரு பழைய ஹோலை வாடகைக்கு எடுத்துச் சீட்டு விளையாடுகிற கூட்டம் எங்களுடையது. வந்தால் இருபது பேர், மழை என்றால் இருபத்தைந்து. எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், எல்லாரும் வீட்டில் "கொஞ்சம் வெளியில போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு பணிஸ் அண்ணை. யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒரு ஞாயிறு பெரிய சட்டி ஒன்றையும் இரண்டு பை நிறையப் பணிஸ் என்று நாங்கள் சொல்லும் பன்னையும் தூக்கிக்கொண்டு வந்தார். "எப்பிடியும் ஒருத்தரும் சாப்பிடப் போறேல்லை" என்று சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டினார். கடைசித் துண்டுக்கு இரண்டு பேர் அடிபட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அவர் செய்ததற்குப் பெயர் 'சீஸ் பணிஸ்'. சீஸ் உண்டு, பணிஸும் உண்டு, ஆகையால் பெயரில் பொய் இல்லை. ஆனால் நடுவில் இருந்தது மாட்டிறைச்சி மின்ஸ். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் சைவ சமயத்துக்காரர். ஆட்டையும் கோழியையும் வீட்டில் ஒரு கை பார்ப்பார்கள், மாடு என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குள் எடுக்கவே முடியாது. எனவே நடுவில் இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மனைவி "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பாள். "சீஸ் பணிஸ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். "பாவம், வெறும் பணிஸ்" என்று அவள் இன்னும் இரண்டு இடியப்பம் வைப்பாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அதைச் செய்கிறவர் நெற்றி நிறைய மூன்று குறி விபூதியோடு நின்று செய்வார். தலையில் குளிக்கிற தொப்பி. வெங்காயம் வெட்டும்போது கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. முதல் முறை பார்த்தபோது ஏதோ விபத்து நடந்த இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவருடைய முறையில் ஒரு எழுத்து மாறாது. இறைச்சியைப் போட்டதும் கிண்டமாட்டார். அது விட்ட தண்ணீர் வற்றி அடியில் கரகரவென்று பிடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "கிண்டினால் அவியும். அவிஞ்ச இறைச்சி ஆசுப்பத்திரிச் சாப்பாடு." பிறகு வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கொஞ்சம் தக்காளிப் பசை, எங்கள் கறித்தூள் ஒரேயொரு கரண்டி. பணிஸை இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பட்டரில் வாட்டுவார், சாறு ஊறிப் பிய்ந்து போகாமல் இருக்க. கடைசியில் சட்டி முழுக்க சீஸைத் துருவிப் போட்டு மூடுவார். அதுதான் முக்கியமான கட்டம். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு சத்தமாக நாற்பது வரை எண்ணுவார். அந்த நாற்பது முடியும்வரை ஹோலில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. ஒரு நாள் இருபத்தேழில் ஒருவருடைய போன் அடித்தது. பணிஸ் அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிஸ்டர், அதைத் தூக்கிக்கொண்டு வெளியில போம்" என்றார். வெளியே பனி கொட்டியது. மனுஷன் போனார். அண்ணை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

கிங்ஸ்பரியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கெச்சப் பக்கெற்றை எடுத்த ஞாயிறும் மறக்க முடியாதது. அண்ணை அவருடைய கையிலிருந்த பணிஸை மெதுவாக வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "இந்த மிஸ்டருக்கு வாய் சரியில்லை. நீர் சாப்பிடும்." கிங்ஸ்பரிக்காரர் மூன்று கிழமை வரவில்லை. நாலாவது கிழமை வந்தார், பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

இந்த 'மிஸ்டர்' அவருடைய இன்னொரு கோணங்கித்தனம். யாழ்ப்பாணத்துக்காரர் தன்னைவிட ஒரு வயது குறைந்தவனைக் கண்டாலும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். முன்பின் தெரியாத பஸ் டிரைவர்கூட எங்களுக்குத் தம்பிதான். பணிஸ் அண்ணைக்கு மட்டும் எல்லாரும் மிஸ்டர். வெள்ளைக்காரக் கபேயில் வேலை செய்த பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஹோலின் திறப்புச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே நானும் அவரும் அங்கே இருப்போம். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. முதல் நாளே ஒரு தேக்கரண்டி மின்ஸை என் மூக்குக்கு முன் நீட்டினார்.

"மிஸ்டர், உப்புப் பாரும்."

"அண்ணை, சோக்கான சாமான்!"

"அதை நான் கேட்டனானே? உப்புச் சரி, இல்லாட்டி உப்புக் காணாது. ரெண்டில ஒண்டு சொல்லும்."

"உப்புக் காணாது."

"தெரியும். இண்டைக்குச் சரிவராது" என்று ஒரு சிட்டிகை போட்டார். மறுபடி கரண்டி. "உப்புச் சரி அண்ணை" என்று நான் சொன்ன பிறகுதான் சீஸ் துருவத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பூசை நடந்தது. நான் சொல்லாமல் சீஸ் விழாது. எனக்கும் ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்தது போல இருந்தது.

எல்லாருக்கும் பரிமாறி முடிந்ததும் அண்ணை இன்னொரு காரியம் செய்வார். முதலில் சுட்டெடுத்த நல்ல பணிஸ் ஒன்றை, சீஸ் விளிம்பு வரை வழிந்த ஒன்றை, ஈயத்தாளில் சுற்றிப் பைக்குள் வைப்பார். ஆருக்கு என்று கேட்டால், "ஒருத்தருக்கு" என்பார்.

அந்த 'ஒருத்தருக்கு' எங்கள் கூட்டத்தைப் பல மாதம் உயிரோடு வைத்திருந்தது. கலியாணம் கட்டாத மனுஷன். ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருக்கிற கோபால் அண்ணை கிழக்கு இலண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அக்கா இருக்கிறா என்று கண்டுபிடித்தார். ஆதாரம் என்னவென்றால், ஒரு முறை அண்ணை பார்க்கிங் என்ற பெயர் காதில் விழுந்ததும் இருமினாராம். ஒரு ஞாயிறு பின்னேரம் கோபால் அண்ணை ஒரு தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறினார். அண்ணை நேரே தன் அறைக்குப் போனார். மழையில் ஒரு மணித்தியாலம் எதிர்ப்பக்கத்தில் நின்று காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்த கோபால் அண்ணை, "அவ பின்வாசலால வாறவபோல" என்று அறிக்கை கொடுத்தார்.

பின்வாசலால் வந்தது நரி. அதை அண்ணையின் வீட்டுக்காரரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் ஒரு நரி தோட்டத்து வேலிக்குள்ளால் வந்து குசினிக் கதவுக்கு முன்னால் வாடகைக்கு இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்குமாம். அவர் கோழி எலும்பு போட்டுப் பார்த்தார். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அண்ணை வந்து, போன கிழமையின் ஈயத்தாளைப் பிரித்து வைத்தால்தான் தின்னும். இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஆக, அந்தப் பணிஸை ஒருத்தரும் சாப்பிடுவதில்லை. ஒரு கிழமை குளிர்ப்பெட்டியில் இருக்கும், புதியது வந்ததும் பழையது நரிக்குப் போகும்.

அன்றைக்கு நவம்பர் மழை. ஹோலில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. கரண்டியை நீட்டியபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏன் அண்ணை, உப்பை நீங்களே பாத்தால் என்ன? நீங்கள் இதைச் சாப்பிட்டு நான் ஒரு நாளும் காணேல்லை."

அண்ணை நீச்சல் கண்ணாடியைக் கழற்றவில்லை. சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் மச்ச மாமிசம் விட்டுப் பதினாறு வருசம்."

"அப்ப முந்தி?"

"முந்தி நல்லாத் தின்பன். இந்தப் பணிஸை முதல் முதல் கபேயில தின்னேக்க நாலு திண்டனான். அந்த உப்பு இப்பவும் நாக்கில நிக்குது. அதுக்குத்தான் நீர் சொல்லவேணும்."

பிறகு, ஊரில் இருந்த தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஒரே தம்பி. யுத்தத்தின் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, அதன் பிறகு காணவில்லை. செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை.

"கடைசியாப் போனில ரெண்டு நிமிசம் கதைச்சவன். அங்க ஷெல் விழுது, இவன் என்ன சாப்பிட்டனீங்கள் அண்ணை எண்டு கேக்கிறான். என்னத்தைச் சொல்ல? இறைச்சியும் சீஸும் போட்ட பணிஸ் எண்டன். எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ எண்டான். லைன் அறுந்து போச்சு."

சட்டி கரகரவென்று பிடித்துக்கொண்டிருந்தது.

"அவன் வரும்வரைக்கும் மச்சம் தொடுறேல்லை எண்டு நேந்தனான். அவன் வந்தால் முதல் கடி அவனுக்கு, ரெண்டாவது எனக்கு." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை உவங்களுக்குச் சொல்லிப்போடாதையும். பாவம் எண்டு பாப்பாங்கள். பிறகு ஒருத்தனும் கடைசித் துண்டுக்கு அடிபடமாட்டான்."

"உப்புச் சரி அண்ணை" என்றேன். உப்பு எப்படி இருந்தது என்று உண்மையில் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த மிஸ்டரின் விளக்கம் எனக்கு எட்டியது. தம்பி என்ற சொல்லை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பஸ்ஸை நம்பாத மனுஷன், பால் போத்தலை நம்பாத மனுஷன், இதை மட்டும் கிழமைக்குக் கிழமை ஈயத்தாளில் சுற்றி நம்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சீட்டிலும் எனக்கு ஒரு கை கூட விளங்கியிருக்கவில்லை.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பணிஸ் அண்ணை பஸ் தரிப்பிடத்தில் விழுந்தார். மாரடைப்பு. பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார், "இது வராது" என்று அண்ணை தன்னிடம் சொல்லிக்கொண்டு நின்றாராம். அன்றைக்குப் பார்த்துப் பஸ் நேரத்துக்கு வந்தது.

இலண்டனில் அவருக்கு இரத்த உறவு ஒருவரும் இல்லை. ஊரில் ஒரு தங்கச்சி மட்டும். கொள்ளி வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் எங்கள் சீட்டுக் கூட்டமே செய்தது. எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, "சாப்பிட்டுப் போங்கோ" என்று வழியனுப்புகிற நாள். இங்கே எட்டாம் நாள் என்பது எட்டுக்குப் பக்கத்தில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுதான். ஹோலிலேயே செய்வதென்று முடிவாயிற்று. முதல் தடவையாக எங்கள் மனைவிமாரும் அந்த ஹோலுக்குள் கால் வைத்தார்கள்.

குசினிக்குள் நாலு ஆம்பிளைகள் அண்ணையின் சட்டியை அடுப்பில் வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிண்டு என்றார், ஒருவர் கிண்டாதே என்றார். கிங்ஸ்பரிக்காரர் கண்ணீரோடு வெங்காயம் வெட்டினார். அண்ணையின் நீச்சல் கண்ணாடி ஆணியில் தொங்கியது, அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோபால் அண்ணையின் மனைவி வசந்தியக்கா மூடியைத் திறந்து பார்த்தா.

"உதென்ன இறைச்சி?"

நாலு ஆம்பிளைகளும் ஒரே நேரத்தில் உப்புப் போத்தலைத் தேடினார்கள்.

"நான் கேக்கிறன். உதென்ன இறைச்சி?"

"சீஸ் பணிஸுக்கு உள்ளுக்கு வைக்கிறது" என்றார் கோபால் அண்ணை.

வசந்தியக்கா பெட்டியை எடுத்து லேபலை வாசித்தா. ஒரு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டு மறுபடி வாசித்தா. "அப்ப இவ்வளவு வருசமும் ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் திண்டிட்டு வந்தது இதே? வந்து என்ரை சாமி அறைக்குள்ள நிண்டு தேவாரமும் பாடினனீங்கள்!" அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு மனைவிமார் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கணவரைத் தேடத் தொடங்கினார்கள். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது. நான் சுவரைப் பார்த்து நின்றேன். என் மனைவி சுமதி சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வசந்தியக்காவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னா. "சரி. உங்களோட வீட்டில கதைக்கிறன். ஆனால் போற மனுசனுக்குப் பிடிச்சதைக் குடுக்காமல் விடக்கூடாது. நான் கைதொடன். நீங்களே கொண்டுவந்து இலையில வையுங்கோ."

கோபால் அண்ணை சீஸ் வழிகிற பணிஸ் ஒன்றைத் தட்டில் தூக்கிக்கொண்டு படத்தை நோக்கி நடந்தார். தம்பி வந்தால்தான் அண்ணை மச்சம் தொடலாம். தம்பி வராமலே அதை அவருடைய இலையில் வைத்தால், இனி ஒருவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும். பதினாறு வருசம் அண்ணை சொல்ல மறுத்த சொல்லை ஒரு பணிஸால் நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம். அவருடைய தங்கச்சியோ போனில், வீடியோவில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. சொல்லமாட்டேன் என்று நான் அவருக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது.

"கோபால் அண்ணை, அதை வைக்காதேங்கோ" என்றேன்.

"ஏனடா? அவருக்குப் பிடிச்சது இதுதானே."

"அவர் அதை ஒரு நாளும் தின்னேல்லை."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்திக்கடனை, ஈயத்தாளை, பார்க்கிங் அக்கா இல்லாததை, நரியை. ஹோலில் அண்ணை நாற்பது எண்ணும்போது இருக்கிற அமைதி. கோபால் அண்ணை தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மழையில் நின்று காய்ச்சல் வாங்கிய அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

போனுக்குள்ளிருந்து அந்தத் தங்கச்சி கேட்டா. "அண்ணை இன்னும் சின்னவன்ரை வழியைப் பாத்துக்கொண்டே இருந்தவர்?"

"ஓம் அக்கா. கடைசி ஞாயிறும் எடுத்து வைச்சவர்."

"நான் கேக்கிற நேரமெல்லாம், அவன் எங்க இனி வாறது எண்டு என்னைப் பேசுவார். நானும் அதை நம்பி இவருக்கு மனம் விட்டுப் போச்சு எண்டு இருந்தன்." கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தா. பிறகு குரல் தெளிவாக வந்தது. "அதை அண்ணையின்ரை இலையில வைக்காதேங்கோ. அவருக்குச் சோறும் பருப்பும் வையுங்கோ. அதை எடுத்து வையுங்கோ தம்பி. சின்னவன் வருவான்."

வசந்தியக்கா அண்ணையின் இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாட்டிய பணிஸில் வெறும் சீஸும் தேங்காய்ச் சம்பலும் வைத்தா. நான் மற்றதை ஈயத்தாளில் சுற்றினேன். என் கைக்கு அவருடைய மடிப்பு வரவில்லை.

அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். சுமதி இன்றுவரை மாட்டிறைச்சி விற்கிற கடையின் பக்கத்தால்கூடப் போகமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்த மரக்கறியெல்லாம் தூக்கி மேலே அடைத்தாள். தட்டைத் துடைத்தாள்.

"பேர் எழுதி ஒட்டுங்கோ" என்றாள். "இல்லாட்டிப் பிள்ளையள் எடுத்துப்போடுவினம்."

"என்ன பேர் எழுதுறது? எனக்குத் தெரியாதே."

"ஒருத்தருக்கு எண்டு எழுதுங்கோ."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டி என்னுடையது. குளிக்கிற தொப்பி போடுகிற தைரியம் இன்னும் வரவில்லை, நாற்பது மட்டும் சரியாக எண்ணுகிறேன். சீட்டுக் கூட்டம் பாதியாகக் குறையும் என்று நினைத்தேன், கூடியிருக்கிறது. சில மனைவிமார்கூட வருகிறார்கள், அவர்களுக்குச் சம்பல் வைத்த பணிஸ். கடைசித் துண்டுக்கு இன்னும் அடிபடுகிறார்கள், அண்ணை, அதை நீங்கள் அறிந்தால் சந்தோஷத்தைக் காட்டமாட்டீர்கள், சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நரி இடம் மாறி என் தோட்டத்துக்கு வந்துவிட்டது, எப்படிக் கண்டுபிடித்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்தக் கிழமை உப்புச் சரி, அண்ணை. ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.